அண்டாவுக்கு வண்டி, டப்பாவுக்கு ஃப்ரிட்ஜ்: மதுரையில மிஞ்சுற சாப்பாடு பத்தி கொஞ்சம் விளக்கமா

தெருவுல ஒரு ஃப்ரிட்ஜ வச்சு "மிச்சம் இருக்கா வைங்க, பசிக்குதா எடுத்துக்கங்க"ன்னு எழுதிப் போடுற ஐடியா கேக்கவே நல்லா இருக்கும், வாட்ஸ்அப்ல போட்டோ வந்தா எல்லாரும் கும்பிடு எமோஜி போடுவாங்க, நம்ம மதுரைல ஏன் வைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் கேப்பார், நாலு பேர் நான் ஆயிரம் ரூவா தர்றேன்பாங்க, அதோட பேச்சு முடிஞ்சிரும். வச்ச ஊர்ல எல்லாம் இது எப்படி ஓடுதுன்னு பாத்தா ஒண்ணு தெளிவா தெரியுது. ஃப்ரிட்ஜ்ங்கிறது சின்ன மிச்சத்துக்கு, அதாவது ஒரு டப்பா, ரெண்டு பார்சல், நாலு பழம், இந்த அளவுக்குத்தான். மதுரைல கண்ணுல தெரியுற பெரிய மிச்சம் அண்டா கணக்குல வருது. ரெண்டையும் ஒரே விஷயம்னு நினைச்சு ஆரம்பிச்சா ரெண்டுமே உருப்படாது, அதுதான் நான் சொல்ல வர்றது.

இந்த ஐடியா எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தாலே பாதி புரிஞ்சிரும். ஜெர்மனில 2012ல ஃபுட்ஷேரிங்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, கடையில விக்காம மிஞ்சுறத வாலண்டியர்ஸ் வாங்கிட்டு வந்து பொது இடத்துல அலமாரிலயும் ஃப்ரிட்ஜ்லயும் வச்சாங்க. ஸ்பெயின்ல கல்டாகாவ்னு ஒரு சின்ன ஊர், ஜனத்தொகை முப்பதாயிரம் கூட இல்ல, அங்க 2015ல நடைபாதைல ஒரு ஃப்ரிட்ஜ வச்சாங்க, சும்மா வைக்கல, பச்சை மீன், பச்சைக் கறி, முட்டை இதெல்லாம் வைக்கக் கூடாது, வீட்டுல சமைச்சதுன்னா என்னைக்கு சமைச்சதுன்னு எழுதி ஒட்டணும்னு முதல் நாள்லயே ரூல் போட்டுட்டாங்க. இங்கிலாந்துல 2017ல இருந்து ஹப்பப்ங்கிற அமைப்பு இத நெட்வொர்க்கா நடத்துது, இப்ப நூத்துக்கணக்குல ஃப்ரிட்ஜ் இருக்கு. கொரோனா சமயத்துல நியூயார்க் மாதிரி ஊர்கள்லயும் தெருவுக்குத் தெரு முளைச்சுச்சு.

இங்கயெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ள என்ன இருக்குன்னு கவனிங்க. ரொட்டி, பால், தயிர் கப், சாண்ட்விச், பேக் பண்ணுன காய்கறி, பழம். நிறைய அயிட்டம் சூப்பர் மார்க்கெட்ல இருந்து வர்றது, கவர் மேலயே தேதி அச்சடிச்சிருக்கும், எடுக்கிறவர் படிச்சுப் பாத்து எடுத்துக்கலாம். நம்ம ஊர் மிச்சம் அப்படியா? சாம்பார் சாதம், ரசம், கூட்டு, கேசரி. எப்ப வடிச்ச சோறுன்னு சோத்து மேல எழுதியா இருக்கும்? அந்த ஊர் ஃப்ரிட்ஜ இங்க அப்படியே தூக்கிட்டு வந்து வச்சா சரியா வராதுங்கிறதுக்கு முதல் காரணம் இதுதான்.

நம்ம பக்கம் முதல்ல பேசப்பட்டது கொச்சி. 2016ல கலூர்ல பப்படவடா ஹோட்டல் நடத்துன மினு பாலின், தன் கடை வாசல்லயே ஒரு ஃப்ரிட்ஜ வச்சு நன்ம மரம்னு பேர் வச்சாங்க. அடுத்த வருஷம் 2017ல சென்னை பெசன்ட் நகர்ல டாக்டர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் "ஐயமிட்டு உண்" ஆரம்பிச்சாங்க, அது டென்னிஸ் கிளப் பக்கத்துல, கூடவே துணி புத்தகம் வைக்க அலமாரி, பாத்துக்க ஒரு செக்யூரிட்டி. இந்த ரெண்டுலயும் பொதுவா ஒண்ணு இருக்கு, ஒரு இடத்துல ஹோட்டல்காரங்களே பொறுப்பு, இன்னொரு இடத்துல காவலுக்கு ஆள். யாரும் பாக்காம சும்மா ரோட்டுல நின்ன ஃப்ரிட்ஜ் இல்ல. நம்ம ஊர் ஆளுங்க போட்டோல ஃப்ரிட்ஜ மட்டும் பாக்குறாங்க, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிறவர பாக்குறதில்ல.

இப்ப மதுரைக்கு வருவோம். இங்க சாப்பாடு எங்க மிஞ்சுது?

ரோட்டுக்கடையில பெருசா மிஞ்சாது, இது நிறைய பேர் தப்பா நினைக்கிற விஷயம். இட்லிக் கடையில ஆள் பாத்துத்தான் அடுத்த ஈடு ஊத்துவாங்க, மாவு மிஞ்சுனா நாளைக்கு, பரோட்டா மிஞ்சுனா கொத்து. ராத்திரி ரெண்டு மணிக்கும் இட்லி கிடைக்கிற ஊர்ல வியாபாரி அளவு தெரியாமலா இருப்பாரு. பேக்கரில பன்னு, பஃப்ஸ் கொஞ்சம் மிஞ்சும். வீடுகள்ல மிஞ்சும், அத பின்னாடி சொல்றேன். ஆனா மொத்தமா மிஞ்சுற இடம் மண்டபம்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, உசிலம்பட்டி திருமங்கலம் பக்கம்னா கிடா வெட்டு, இதுல எல்லாம்.

ஏன் மிஞ்சுதுன்னா, சமையல் மாஸ்டர் எத்தன இலைன்னு கேக்கும்போது யாருமே சரியான கணக்கு சொல்ல மாட்டாங்க, ஐநூறு பேர் வருவாங்கன்னு மனசுக்குத் தெரியும், அறநூத்தம்பதா போடுங்கண்ணேன்னு சொல்லுவாங்க, ஏன்னா பந்தில சோறு பத்தாமப் போச்சுன்னு ஒரு பேர் வந்துச்சுன்னா அது அந்த வீட்டு பேரன் கல்யாணம் வரைக்கும் பேசப்படும். மாஸ்டரும் தன் பங்குக்கு கொஞ்சம் கூட்டித்தான் போடுவாரு, அவர் பேரும் கெடக் கூடாதுல்ல. அதுக்கு மேல ஒரே முகூர்த்தத்துல நாலு பத்திரிக்கை வச்சிருக்கிற சொந்தக்காரர் நாலு மண்டபத்துக்கும் போய் மொய் எழுதிட்டு ஒரு இடத்துலதான் சாப்பிடுவாரு. வராத அந்த மூணு இலைக்கும் சேத்துத்தான் உலை வச்சிருக்கும். இதுல ஒரு வேடிக்கை, கிடா வெட்டு விருந்துல சோறு மிஞ்சும் ரசம் மிஞ்சும், கறி மிஞ்சுனதா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அப்புறம் இந்த மிச்சம் வருஷம் பூரா ஒரே மாதிரி வராது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்னா ஊரே சாம்பார் வாசம், ஆடிலயும் மார்கழிலயும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். சித்திரைத் திருவிழா வந்துட்டா சொல்லவே வேணாம், மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் விருந்து, அழகர் வர்ற வழி பூரா நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளி சாதம், ஒருத்தர் கையில மூணு தொன்னை இருக்கும், பாதி சாப்பிட்டு கீழ வச்சிருப்பாங்க. பசி தினமும் வருது, மிச்சம் பஞ்சாங்கம் பாத்து வருது. மண்டபத்து சாப்பாட்ட நம்பி ஒரு ஃப்ரிட்ஜ வச்சா ஒரு நாள் பிதுங்கும், பத்து நாள் காலியா நிக்கும், காலியா நிக்கிற ஃப்ரிட்ஜ நாலு தடவ வந்து தொறந்து பாத்தவர் அஞ்சாவது தடவ வர மாட்டாரு.

சரி, அண்டா சோத்த ஃப்ரிட்ஜ்ல வச்சா என்னன்னு கேட்டா, முதல்ல உள்ள போகாது. கடையில கூல்ட்ரிங்ஸ் வச்சிருக்கிற கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் முந்நூறு நானூறு லிட்டர்தான், அதுல பார்சல் அடுக்கலாம், அண்டாவ எறக்க முடியாது. ரெண்டாவது, சூடா வச்சா உள்ள இருக்கிற மத்த சாப்பாடும் சேந்து சூடாகும், ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்தத குளிர்ச்சியா வச்சிருக்கத்தான் லாயக்கு. மூணாவதுதான் முக்கியம், நேரம்.

சமைச்ச சாப்பாடு 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்லன்னா 5 டிகிரிக்குக் கீழ குளிர்ச்சியா இருக்கணும், நடுவுல இருக்கிற நேரம் பூரா கிருமி பெருகுற நேரம். அமெரிக்க விவசாயத்துறை சொல்ற கணக்கு, சாதாரணமா வெளிய 2 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், வெயில் 32 டிகிரிக்கு மேலன்னா 1 மணி நேரம்தான். மதுரைல 32க்குக் கீழ மதியம் எத்தன நாள் இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க, சித்திரை வைகாசில 40ஐ தொட்டுட்டு வரும். அதனால பந்தி முடிஞ்சு, மொய் எண்ணி, போட்டோ எடுத்து, சாயங்காலம் நாலு மணிக்கு ஞாபகம் வந்து போன் பண்ணுனா அந்த சாப்பாட்ட கொண்டு போறவங்களுக்கு அது உதவி இல்ல, தலைவலி.

சோறுதானே, பாத்தா நல்லாத்தானே இருக்குன்னு நினைப்போம். சோத்துலதான் பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு, அதோட விதை மாதிரியான ஸ்போர் உலையில கொதிச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பா கிடக்கும்போது முளைச்சு விஷத்த விடும், அந்த விஷம் மறுபடி சூடு பண்ணுனாலும் போகாது. கறிக் குழம்பு பெரிய பாத்திரத்துல மெதுவா ஆறும்போது வர்ற க்ளாஸ்ட்ரிடியம்ங்கிற கிருமி வேற இருக்கு. ஊசிப் போன வாடை வந்தாத்தான் கெட்டுப் போச்சுன்னு நாம நம்புறோம், வாடை வராமலும் வயித்தக் கெடுக்கும். நம்ம பாட்டிங்க இத வேற வழியில சமாளிச்சாங்க, பயணத்துக்கு புளியோதரை கட்டுனாங்க, ராத்திரி மிஞ்சுன சோத்துல தண்ணி ஊத்தி வச்சாங்க, ரெண்டுலயும் புளிப்புதான் காவல். தேங்கா சட்னிய யாரும் கட்டுச்சோத்தோட கட்டிக் குடுக்கல பாருங்க.

சட்டமும் இதுல இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, மிஞ்சுன உணவ சேகரிச்சுக் குடுக்கிறதுக்குன்னே 2019ல தனி விதிமுறை கொண்டு வந்துச்சு. அதுல உபயோகிக்காம மிஞ்சுன, சாப்பிடப் பாதுகாப்பான உணவத்தான் கணக்குல எடுக்கிறாங்க, இலையில பரிமாறுனது சேராது. குடுக்கிற அமைப்பு பதிவு பண்ணணும், என்ன உணவு, எப்ப தயாரிச்சது, சைவமா அசைவமான்னு லேபிள் வேணும். திருவிழாவுல அன்னதானம் போடுறவங்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணச் சொல்லி சித்திரைக்கு முன்னாடி அறிவிப்பு வரும், பாத்திருப்பீங்க. தர்மம் பண்றதுக்கு லைசென்சான்னு கோவப்படுறவங்க இருக்காங்க. எனக்கு அந்தக் கோவம் இல்ல, வாங்கிச் சாப்பிடுறவருக்கு வயித்தால போச்சுன்னா கேள்வி கேக்க ஒரு ஆள் இருக்கணும்ல. பெர்லின்லயே 2016ல அதிகாரிங்க தெரு ஃப்ரிட்ஜையும் ஒரு உணவு நிறுவனம் மாதிரித்தான் நடத்தணும்னு சொல்லி பெரிய சண்டையாச்சு. யார் பொறுப்புங்கிற கேள்வி எந்த ஊர்லயும் தப்பாது.

இவ்வளவு சொல்றதால ஃப்ரிட்ஜ் வேஸ்ட்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. அண்டாவால முடியாத ஒண்ணு ஃப்ரிட்ஜால முடியும், குடுக்கிறவரும் வாங்குறவரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேணாம்.

வீட்டுல மிஞ்சுனா நாம என்ன பண்றோம், வீட்டு வேலைக்கு வர்ற அக்காட்ட, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன்ட்ட குடுக்குறோம். அவங்களுக்கு வேணுமா வேணாமான்னு நாம கேக்குறதும் இல்ல, வேணாம்னு சொல்ற இடத்துல அவங்க இருக்கிறதும் இல்ல. முன்னாடி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கழனித்தண்ணி வாளி இருக்கும், மாட்டுக்காரர் வந்து ஊத்திட்டுப் போவாரு, இப்ப மாடும் இல்ல வாளியும் இல்ல, நேரா குப்பை வண்டி, அங்க இருந்து வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு. ஐநாவோட 2024 அறிக்கைல இந்தியாவுல வீடுகள்ல ஒரு ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாகுதுன்னு ஒரு மதிப்பீடு போட்டிருக்காங்க, நாளைக்கு 150 கிராம். அதுல தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேத்திதான், அதனால அத்தனையும் யாராவது சாப்பிட்டிருக்கலாம்னு கணக்குப் போடக் கூடாது. ஆனாலும் நாளைக்கு ஊருக்குப் போறோம்ங்கிற வீட்டுல கிடக்கிற ரெண்டு பால் பாக்கெட், பாதி டஜன் வாழைப்பழம், பிரிக்காத ரொட்டி, இதெல்லாம் அந்த ஃப்ரிட்ஜுக்குன்னே செஞ்ச மாதிரி.

எடுக்கிறவர் பக்கம் பாருங்க. கோயில் பிரசாதம்னா பணக்காரரும் கை நீட்டுவாரு, கூச்சமே இருக்காது. வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் பிரியாணிய தூக்குவாளில வாங்கிட்டுப் போறவங்கள யாரும் ஏழைன்னு நினைக்கிறதில்ல. ஆனா ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னு வாங்குறது வேற. அதுலயும் நம்ம பக்கத்து கிராமங்கள்ல யார் வீட்டு சோறு, யார் கையால வாங்குறதுன்னு சாதி வந்து நடுவுல உக்காந்துக்கும், அது இல்லவே இல்லன்னு சொல்றவர் அந்தத் தெருவுல நடந்ததில்லன்னு அர்த்தம். ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற டப்பா எந்தத் தெருவுல இருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்காகவே ரெண்டு மூணு இடத்துல வச்சுப் பாக்கலாம்னு தோணுது. அதனால ஃப்ரிட்ஜ் மேல கேமரா வைக்கிறதும், எடுக்கிறவர நிக்க வச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறதும் அந்த ஃப்ரிட்ஜ கொல்றதுக்கு சமம். வைக்கிறவர் நோட்டுல எழுதட்டும், எடுக்கிறவர் எதுவும் எழுத வேணாம்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், ஃப்ரிட்ஜ தேடி நடந்து வர முடிஞ்சவருக்குத்தான் அது. மனநிலை சரியில்லாம பஸ் ஸ்டாண்டு ஓரத்துல கிடக்கிறவர் வந்து கதவத் தொறக்க மாட்டாரு. மதுரைல நாராயணன் கிருஷ்ணன் 2003ல அட்சயா டிரஸ்ட் ஆரம்பிச்சப்ப தானே சமைச்சு வண்டில எடுத்துட்டுப் போய் அந்த மாதிரி ஆளுங்க இருக்கிற இடத்துலயே குடுத்தாரு, 2010ல சிஎன்என் ஹீரோஸ் முதல் பத்து பேர்ல வந்தாரு. மிச்சத்த நம்பாம புதுசா சமைச்சதுதான் அதுல கவனிக்க வேண்டியது.

எங்க வைக்கலாம்? பசி எங்க எந்த நேரத்துல இருக்குன்னு பாக்கணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு காலைச் சாப்பாட்டுத் திட்டம் 2022 செப்டம்பர்ல இதே மதுரைலதான் ஆரம்பிச்சாங்க, மதியம் சத்துணவு இருக்கு. 2013ல வந்த அம்மா உணவகத்துல ஒரு ரூவாய்க்கு இட்லியும் அஞ்சு ரூவாய்க்கு சாம்பார் சாதமும் குடுத்தாங்க, ஆனா அது பெரும்பாலும் காலையும் மதியமும்தான். ஓட்டை விழுற நேரம் ராத்திரி. அப்ப என் கணக்குல முதல் இடம் பனகல் ரோட்டுல பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி பக்கம். ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர்னு எங்கெங்க இருந்தோ நோயாளியக் கூட்டிட்டு வந்து வெளிய துண்ட விரிச்சுப் படுத்திருக்கிற சொந்தக்காரங்க பிச்சைக்காரங்க இல்ல, ஊர்ல கவுரவமா இருக்கிறவங்க, கையில இருக்கிற காசு மருந்துக்கும் ஆட்டோவுக்கும் போயிரும், கேக்கவும் கூச்சம். இவங்களுக்கு ஒரு பன்னு, ரெண்டு பழம், ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணி, ஒரு தயிர் சாதம் யாரும் பாக்காம எடுத்துக்கிற மாதிரி இருந்தா போதும். கோயிலச் சுத்தி வைக்க வேணாம்னு நினைக்கிறேன், அங்க அன்னதானம் இருக்கு, வைக்கிறதெல்லாம் டூரிஸ்ட் கூட்டத்துல காணாமப் போகும்.

ரோட்டுல மொட்டையா வைக்காம ஒரு டீக்கடையோ மெடிக்கல் ஷாப்போ ஒட்டி நிழல்ல வைக்கணும், காலைல நாலு மணிக்குத் தொறந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஆள் இருக்கிற கடைன்னா பாதி காவல் வேலை அங்கயே முடிஞ்சிரும். ஆனா டீக்கடைக்காரர் ஓசியில பாத்துக்குவாருன்னு நினைக்காதீங்க, கரண்ட் பில் அவர் மீட்டர்ல ஏறும், அதுவும் கமர்ஷியல் ரேட்டு, பக்கத்துல ஓசி பன்னு இருந்தா அவர் பன்னு யார் வாங்குவா. அவருக்கு மாசம் ஒரு தொகை பேசிடணும், கரண்டுக்கு சப் மீட்டர் போட்டுறணும், ஸ்டெபிலைசர் கட்டாயம். மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல இருந்து மதியம் தாண்டி கரண்ட் நிறுத்துவாங்க, கதவத் தொறக்காம வச்சா 4 மணி நேரம் குளிர் தாங்கும்பாங்க, பொது ஃப்ரிட்ஜ்ல கதவத் தொறக்காம யார் இருப்பா, அதனால அன்னைக்கு சமைச்ச சாப்பாடு எதுவும் வைக்கக் கூடாது, பழமும் பிஸ்கட்டும் மட்டும். ஃப்ரிட்ஜ் வாங்குறதுக்கு ஸ்பான்சர் வரிசைல நிப்பாங்க, பேர் எழுதலாம்ல. ராத்திரி மிஞ்சுனத எடுத்து கொட்டி, சிந்துன சாம்பார தொடச்சு, கிளீன் பண்ற ஆளோட சம்பளத்துக்கு எவனும் வர மாட்டான், அந்தக் காசு ஒரு வருஷத்துக்கு கையில இருந்தா மட்டும் ஆரம்பிங்க.

உள்ள என்ன வைக்கலாம்ங்கிறதுல கறாரா இருக்கணும். சமைச்சதுன்னா அன்னைக்கு சமைச்சது, மணி எழுதுனது, சின்ன டப்பாவுல ஆற வச்சது. தேங்கா சட்னி, மீன், முட்டை வேணாம். யாராவது கடிச்சது, இலையில இருந்து எடுத்தது கண்டிப்பா வேணாம். காலைல வச்ச சாப்பாடு ராத்திரிக்குள்ள போகலன்னா குப்பைதான், அதுக்கு மனசு கஷ்டப்பட்டா இந்த வேலைக்கு லாயக்கில்ல.

அண்டாவுக்கு வர்றேன். அதுக்கு வேண்டியது லோடு ஆட்டோ, காலிப் பாத்திரம், நாலு பசங்க, அப்புறம் எந்த ஆதரவற்றோர் இல்லத்துல இன்னைக்கு சமைக்கலன்னு தெரிஞ்ச ஒருத்தரோட போன். கோயம்புத்தூர்ல 2014ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட் இந்த வேலையத்தான் பண்ணுது, அதே வருஷம் டெல்லில ஆரம்பிச்ச ராபின் ஹுட் ஆர்மியும் அப்படித்தான், நிரந்தரமா ஒரு இடத்துல வைக்காம எடுத்த கையோட கொண்டு போய்க் குடுக்கிறது. ஆதரவற்றோர் இல்லத்துல திடீர்னு மூணு மணிக்குக் கொண்டு போய் எறக்குனா அவங்க ஏற்கெனவே பொங்கி சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க, ராத்திரிக்கு வச்சுக்கங்கன்னு சொன்னா அதுதான் இருக்கிறதுலயே ஆபத்தான பேச்சு. சில இல்லங்கள்ல வெளிச் சாப்பாடே வாங்குறதில்ல, ஒரு தடவ பிள்ளைங்களுக்கு வாந்தி வந்த அனுபவம் இருந்தா நாமளும் வாங்க மாட்டோம்.

அதனால உங்க வீட்டு விசேஷம்னா பத்திரிக்கை அடிக்கும்போதே எடுத்துட்டுப் போறவங்களுக்கு தேதி சொல்லி வைங்க. மாஸ்டர்ட்ட, ஒரு அண்டா சோறும் ஒரு குண்டான் சாம்பாரும் கரண்டி போடாம மூடி தனியா வைங்கண்ணே, கடைசி பந்திக்கு வேணும்னா தொறப்போம்னு சொல்லிருங்க. ரெண்டாவது பந்தி எந்திரிக்கும்போதே எவ்வளவு மிஞ்சும்னு அவருக்குத் தெரிஞ்சிரும், நீங்க மொய் எழுதுற டேபிள்ல இருப்பீங்க, அதனால போன் பண்ற பொறுப்ப மச்சான்ட்டயோ சித்தப்பாட்டயோ குடுத்துருங்க, ஒன்றரை மணிக்கு போன் போனா ரெண்டு மணிக்கு வண்டி வந்துரும், சோறு அப்ப இன்னும் ஆவி பறக்கத்தான் இருக்கும்.